நான் நேராக்கிய கரை

சங்கத்து ஆண்டு மலருக்காக, புதிதாகச் சேர்ந்த சர்வேயர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களில் பாதிப்பேர் மைக்கைக் கண்டால் விடமாட்டார்கள். அவர்கள் காலத்தில் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை மலையாக ஓடினார்களாம். ஓடினதை நான் பார்த்ததில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, களத்தில் அளந்து எழுத வேண்டிய களப்புத்தகத்தை நிரப்பினதைப் பார்த்திருக்கிறேன். நானும் நிரப்பியிருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட். பெயர் வேண்டாம். அதன் ஓரமாக ஒரு மண்கரை ஓடுகிறது. ஓடையில் தொடங்கி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கத்துச் சோலைக்குள் போய் மறைகிறது. கரை இடுப்பு உயரம் இருக்கும். அதை ஒட்டியே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் தேயிலை, இந்தப் பக்கம் அரசுப் புறம்போக்கு. நம் புலப்படத்தில் அதுதான் கிராம எல்லை.

அதை யார் வெட்டினார்கள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எஸ்டேட் மேனேஜர் வெள்ளைக்காரத் துரை வெட்டினது என்பார். ஃபாரஸ்ட் கார்டு யானைக்கு வெட்டின அகழி என்பார். சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவரும் ஜீப் டிரைவருக்கு எல்லாமே பாண்டவர்கள்தான். மலையேறி வந்து ஐந்து பேரும் ஓய்வெடுக்காமல் மண்வெட்டி பிடித்தார்கள்போல. உண்மையில் அது ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எல்லைக் கரை. மாடு மேய்த்த இரண்டு கூட்டத்தார் இதுவரை உன் மேய்ச்சல், இதற்குமேல் என்னுடையது என்று வெட்டிக்கொண்டது. பிறகு வந்த ராஜாக்களும் துரைமார்களும் கச்சேரி குமாஸ்தாக்களும் தங்கள் எல்லையையும் அதன்மேலேயே போட்டுக்கொண்டார்கள். பழமையின்மேல் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக ஒன்று வெட்ட எவனுக்கும் உடம்பு வணங்கவில்லை. அந்தக் கரையைக் காப்பாற்றியது சோம்பேறித்தனம்தான்.

அதே சோம்பேறித்தனம் அதை அழிக்கவும் பார்த்தது. அது என்னுடையது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறு அளவுக் குழுவில் ஒன்பது ஆண்களும் நானும். காலையில் ஜீப்பில் ஏறும்போதே, "மேடத்துக்கு ரோட்டோரமா ஏதாவது குடுங்கப்பா" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் கரையை நான் கேட்டு வாங்கினேன். வேலையின்மேல் ஆசை என்று சொன்னால் பொய்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், வீட்டில் மலரைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சர்வே கல்லுக்கு நடுவே நேர்கோடு பிடிக்க வேண்டும். கரை எங்கெங்கே வளைகிறதோ அங்கங்கே, கோட்டிலிருந்து கரைவரை பக்கவாட்டில் அளந்து எழுத வேண்டும். அதற்குக் குறுக்களவு என்று பெயர். ஓடைப்பக்கம் நாலு எடுத்தேன். மேட்டுப்பக்கம் மூன்று. நடுவில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு அடர்ந்திருந்தது. அதற்குள் ஒரு காட்டெருமை நின்றது. ஓடவில்லை, முட்டவும் வரவில்லை. சும்மா நின்று எங்களைப் பார்த்தது.

கூட வந்த செயின்மேன் அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். "ஏனுங்க மேடம், அது பாக்குற பார்வையே செரியில்லீங்க. எனக்கு மூணு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க. நான் வர்லீங்க."

சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பியிருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஜீப்பில் ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்களே. "மாட்டுக்குப் பயந்துட்டு வந்துருச்சு" என்று ஊட்டி வரைக்கும் பேச்சு போகுமே. கல்லின்மேல் உட்கார்ந்து ஐந்து குறுக்களவுகளை என் தலையிலிருந்து எடுத்து எழுதினேன். இரண்டு மீட்டர், இரண்டரை, மூன்று, இரண்டரை, இரண்டு. பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். இயற்கையில் அப்படி எதுவும் வளையாது. களப்புத்தகத்தைச் சரிபார்த்தவர் அதற்கே என்னை மடக்கிக் கேட்டிருக்க வேண்டும். அவர் தலைநிமிராமல் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஜீப்பில், காலையில் கேலி பேசின அதே ஆள், "பொம்பளையா இருந்தாலும் முடிச்சுருச்சுப்பா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது.

உண்மையில் கரை நடுவில் எஸ்டேட் பக்கமாக நன்றாக வளைந்து போயிருந்தது. என் எண்களை வைத்து வரைவாளர் வரைந்த படத்தில் அந்த வளைவு இல்லை, கிட்டத்தட்ட நேர்கோடு. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுக்கும் ஒரு படி மேலே போய், கோணலாக இருந்த கூடத்தையே நேராக்கிவிட்டேன்.

வருஷங்கள் ஓடின. அந்த வளைவுக்குள் இருந்த புதரை சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் வெட்டித் திருத்தி வீடு கட்டிக்கொண்டன. வரிசையாக ஆறு வீடு, எஸ்டேட் வழக்கில் லயம் என்பார்கள். உள்ளே வற்றாத ஊற்று ஒன்று இருந்தது, அதனால்தான் அந்த இடம். கரைக்கு இந்தப் பக்கம் புறம்போக்கு என்று ஊருக்கே தெரியும். பட்டா கேட்டு மனுவும் கொடுத்திருந்தார்கள்.

நான் சர்வே இன்ஸ்பெக்டராகி, ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது எஸ்டேட் விழித்துக்கொண்டது. தேயிலை விலை போகவில்லை, காட்டேஜ் கட்டலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தமாதிரி நல்ல இடம் எதுவென்று தேடினால் இந்த ஆறு வீடு. படத்தை எடுத்துப் பார்த்தார்கள். எல்லைக்கோடு நேராகப் போகிறது, ஆறு வீடும் கோட்டுக்கு அந்தப் பக்கம், எஸ்டேட்டுக்குள். எல்லையைக் காட்டிக் கொடுக்கும்படி மனு போட்டார்கள். தாசில்தார் உத்தரவு போட்டார்.

களத்துக்குப் போனது எனக்குக் கீழே இருந்த சர்வேயர் தினேஷ். உங்களைப்போலத்தான், எம்.எஸ்சி. படித்தவன். கையில் செயற்கைக்கோளிடம் கேட்டு இடம் சொல்கிற கருவி. அவன் எல்லையைக் குறித்து முடித்த பிறகு கையெழுத்துக்காக நான் போனேன். சிவப்புக் கொடிகளை வரிசையாக நட்டிருந்தான். ஒரு கொடி மருதாயி என்கிற அம்மாளின் அடுப்படிக்குள் நின்றது. அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில்.

"ஒரு சென்டிமீட்டர்கூட தப்பாதுங்க மேடம்" என்றான் தினேஷ்.

என் பொய்யை சென்டிமீட்டர் பிசகாமல் தரையில் நட்டிருந்தான். உங்கள் கருவிகளைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் இதுதான்.

"கரை அங்க போகுது, கொடி இங்க நிக்குது. பாத்தியா?" என்றேன்.

"பாத்தங்க. நடுவுல பதினெட்டு மீட்டர் வித்தியாசம். கரை தப்புங்க மேடம். படம் சரி."

இந்த வாக்கியத்தை நம் தொழிலில் இருப்பவன் மட்டும்தான் சொல்வான். வேறு எந்த மடையனுக்கும் தோன்றாது. மேனேஜர் உடனே பிடித்துக்கொண்டார். துரை நேராகத்தான் வெட்டினார், மழையில் சரிந்து கரை நகர்ந்துவிட்டது என்றார். கரை பதினெட்டு மீட்டர் நகர்ந்ததாம், அதுவும் மேட்டைப் பார்த்து! தினேஷ் தலையாட்டினான். படித்த தலை, நன்றாக ஆடியது.

மருதாயி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷி, எஸ்டேட்டில் கொழுந்தெடுத்து விரலெல்லாம் கறுத்திருந்தது. மேனேஜரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"எங்கப்பா சிலோன்ல கான் வெட்டுனவரும்மா. நாங்க தண்ணி போற வாய்க்காலத்தான் கான்னு சொல்றது. கான்னா தண்ணிய வெளிய தள்ள வெட்டுறது. இவனுங்க ஊத்தச் சுத்தி வளைச்சுக்கிட்டுப் போயிருக்கானுங்க, தண்ணிய உள்ளுக்கு வச்சு. இது சரிஞ்சு வந்ததில்ல. வேணும்னே வளைச்சது. விளங்குதுங்களா?"

விளங்கியது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒருத்தன் வளைத்து வெட்டியிருக்கிறான். அவனுக்கு இருந்த பொறுப்பு எனக்கு இல்லாமல் போயிற்று.

படத்தின் மூலையைப் பார்த்தேன். அளந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அப்போது கொஞ்சம் சுழித்துப் போடுவேன். மேலே ரோட்டில் ஜேசிபி நின்றது. தாசில்தார் போன் பண்ணினார். "கையெழுத்தப் போட்டுட்டு வாங்க மேடம். மத்தியானம் கலெக்டர் மீட்டிங் இருக்கு." சாரல் விழுந்துகொண்டிருந்தது. மழை, இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு வாரம் வாங்கினேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் என்ன செய்தேன் என்று கவனியுங்கள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய வாரம். நானோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வழி தேடினேன். கரை பழையது என்று பெரிய இடத்தில் யாராவது சொல்லிவிட்டால் ஜேசிபி நிற்கும், வீடும் பிழைக்கும், என் களப்புத்தகத்தையும் யாரும் திறக்கமாட்டார்கள். எவ்வளவு நல்ல யோசனை! சமவெளியிலிருந்து ஒரு சரித்திரப் பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை வந்தார். குளிருக்குத் தலையில் மப்ளர், கழுத்தில் இன்னொரு மப்ளர். கரையைப் பார்த்ததும் குழந்தைபோல ஓடினார். ஓடைப்பக்கம் கரைமேல் ஒரு நடுகல் உண்டு. வில் பிடித்த ஆள், காலடியில் இரண்டு மாடு, மேலே தேய்ந்த எழுத்து ஒரு வரி. குடியிருப்புக்காரர்கள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, குப்புறப்படுத்துப் படித்தார். எழுத்தின் வடிவம் ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்டது, இது எல்லைச் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல், இந்தக் கரை இடைக்காலத் தொடக்கத்து எல்லைதான், சந்தேகமே இல்லை என்றார். படிக்க முடிந்தது நாலு எழுத்து. பேசினது நாற்பது நிமிஷம். ஆனாலும் அவர் சொன்னது சரி. அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு உயிர் வந்தது. அப்போது அவர் கையைத் தட்டி மண்ணை உதறிவிட்டுச் சொன்னார்: "இத உடனே அரசு பாதுகாக்கணும் மேடம். ரெண்டு பக்கமும் வேலி போடணும். மொதல்ல பள்ளத்த ஒட்டி இருக்கிற இந்த ஆறு ஆக்கிரமிப்பையும் எடுக்கணும். நானே கலெக்டருக்கு எழுதுறேன்."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது. எஸ்டேட்காரன் ஒரு பக்கம் தள்ளினால், நான் கூட்டிவந்த மனுஷன் இன்னொரு பக்கம் தள்ளினார். அவருக்குச் செத்துப்போன மாடுமேய்ப்பவன் தெரிந்தான். அவன் காப்பாற்றி வைத்த ஊற்றில் குடம் வைத்துக்கொண்டு நின்ற மருதாயி தெரியவில்லை. கெஞ்சி, கடிதம் எழுதுவதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லி, கேரட் ஒரு பை வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். கேரட்டுக்காகவே மறந்தாரோ என்னவோ, கடைசிவரை எழுதவில்லை.

திங்கட்கிழமை தினேஷை மட்டும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. பிறகு, பையன் கெட்டிக்காரன், வழி சொன்னான்.

"வரைவாளர் தப்பா வரைஞ்சுட்டார்னு எழுதிரலாங்க மேடம். அவர் ரிட்டயர்டாகி எத்தன வருஷமாச்சு. யார் கேக்கப்போறாங்க?"

நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள், தெரியும். நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். வரைவாளர் குன்னூரில் மகள் வீட்டில் இருந்தார். நான் கொடுத்த எண்களை அவர் ஒழுங்காக வரைந்தார். என் பொய்யை நம்பினதுதான் அவர் செய்த குற்றம். அது போக, நியாயத்தை விட்டுவிட்டுத் தொழிலாகவே பார்த்தாலும் அந்தக் கதை நிற்காது. எஸ்டேட் வக்கீல் களப்புத்தகத்தைக் கேட்பார். அதில் எண்கள் படத்தோடு அச்சாகப் பொருந்தும். எண்களே பொய் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

மறுநாள் களத்தில் தாசில்தாரும் மேனேஜரும் ஜேசிபியும் வந்து நிற்க, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு தாளைக் கொடுத்தேன். "மேற்படி எல்லையின் நடுப்பகுதியில் உள்ள ஐந்து குறுக்களவுகளும் என்னால் களத்தில் அளக்கப்பட்டவை அல்ல. நான் உத்தேசமாக எழுதியவை. படம் தவறு, கரை சரி." இவ்வளவுதான். தாசில்தார் இரண்டு தரம் படித்தார். என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"மேடம், பைத்தியமா உங்களுக்கு? பதினாலு மாசம். பேசாம மெடிக்கல் லீவ் போடுங்க. வேற யாராவது கையெழுத்துப் போடட்டும்."

நல்ல மனுஷன். என்மேல் அக்கறையோடுதான் சொன்னார். நம் ஆபீஸில் அக்கறை என்றால் இதுதான், அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு லீவ் போடுவது. நான் தாளைத் திருப்பி வாங்கவில்லை. ஜேசிபி அன்றைக்குத் திரும்பிப் போயிற்று.

கோட்டாட்சியர் மறு அளவுக்கு உத்தரவு போட்டார். அடுத்த தாலுகாவிலிருந்து ஒரு சர்வேயர் வந்து, புதர் இல்லாத தரையில் அரைநாளில் அளந்து முடித்தார். நான் முப்பது வருஷம் தள்ளிப்போட்ட வேலை, அரைநாள். கரை சொன்னபடி எல்லை வளைந்தது. ஆறு வீடும் புறம்போக்கிலேயே நின்றன. பிறகு பட்டாவும் வந்தது.

என் கதை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆபீஸில் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை இழுத்தது. ஓய்வு பெறும் நாளன்று சால்வையும் கேக்கும் வாங்கி வைத்திருந்தார்கள். நாலு மணிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது, ஓய்வு பெற அனுமதியில்லை என்று. சால்வையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கேக்கை மட்டும் வெட்டித் தின்றார்கள். தண்டனை முடிந்து நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் என்னை மேடையேற்றி, நேர்மைக்கு உதாரணம் என்று கைதட்டினார்கள். திருடினவள் திருப்பிக் கொடுத்ததற்குக் கைதட்டல். அவ்வளவு மலிந்துபோய்க் கிடக்கிறது நம் துறையில் நேர்மை.

குறிப்பாணையோ பணிநீக்கமோ எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. தண்டனை அதற்கு முன்பே, மறு அளவு முடிந்த அன்றே கிடைத்தது. வந்த சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பு ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், மருதாயி மட்டும் லீவ் போட்டுவிட்டு நின்றார். அடுப்படியிலிருந்து பிடுங்கின கொடி அவர் கையில் இருந்தது.

"அப்ப மொதல்ல தப்பா எழுதுனது யாரும்மா?"

"நான்தான்."

"என்னாத்துக்கு?"

"உள்ள காட்டெருமை நின்னுச்சு. போகப் பயம். போகலன்னு சொல்ல வெட்கம்."

அவர் அழவில்லை, கத்தவில்லை. நன்றியும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"பத்து நாளா எங்க லயத்துல ஒருத்தரும் சரியாச் சாப்பிடல. பக்கத்து ஊட்டு அண்ணன் சாமான மூட்ட கட்டி வச்சிருக்காரு. சிலோன்ல ஒருவாட்டி கட்டுனது, திரும்பியும் கட்டிட்டாரு" என்றார். பிறகு, "என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்புடி? எல்லாரும் அஞ்சு மணிக்கு வருவாங்க. நின்னு, ஒவ்வொரு ஊட்டுலயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க" என்றார்.

நான் சபைக்குப் போகிறவள். ஞாயிறுதோறும் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லியிருக்கிறேன். கூட்டத்தோடு சொல்வது சுலபம், யார் பாவம் எது என்று தெரியாது. அன்றைக்கு ஐந்து மணிக்கு, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த ஆட்களின் முன்னால், வாசல் வாசலாக நின்றேன். உங்கள் வீட்டை எஸ்டேட்டுக்கு எழுதிக்கொடுத்தது நான்தான். பயந்துபோய்ப் பொய் எழுதினேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் உள்ளே வரச்சொன்னார்கள், அது இன்னும் மோசம். மருதாயி ஒவ்வொரு வாசலுக்கும் கூடவே வந்து, நான் எதையும் விடாமல் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறாவது வீடு, மூட்டை கட்டிவைத்தவருடையது. எண்பது வயசு இருக்கும். நான் முழுதும் சொல்லி முடித்தபிறகு, காதின்மேல் கையை வைத்து மருதாயியைப் பார்த்தார்.

"அவருக்குக் காது மந்தம்மா" என்றார் மருதாயி. "சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். லயம் முழுக்கக் கேட்டது.